கரிசக்காட்டுக்கு எதுக்குப் பெரிய வண்டி?



நம்ம கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டு பேருக்குத்தான் சைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே நிற்பதில் முக்கால்வாசி மோட்டார் சைக்கிள். அங்கே காலையிலும் சாயங்காலமும் நடக்கும் பட்டிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை சி.சி.?" செயின் கடைசியா எப்பத் துடைச்சே, ஏர் பில்டரை எப்பக் கழட்டிப் பார்த்தே என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சி.சி. கூடக் கூட மரியாதை கூடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. சமீப காலமாக அதிலும் ஒரு புது மோகம்... ஆஃப் ரோடு வண்டி! மலை, பாலைவனம், பனி என்று செல்போனில் படம் பார்த்துவிட்டு, "வாங்கினா அதுதாண்டா வாங்கணும்" என்கிறார்கள்.

ஆஃப் ரோடு வண்டி வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. வேண்டும் என்றே சொல்கிறேன். ஆனால் சின்ன வண்டியாக இருக்க வேண்டும். அதன் நட்டும் போல்ட்டும் ஓட்டுகிறவன் கைக்குப் பழகியிருக்க வேண்டும். வண்டியை ஓட்டத் தெரிந்தவன் அரை ஆள்தான், பராமரிக்கவும் தெரிந்தவன்தான் முழு ஆள் என்பதே என் கருத்து. டிப்ளமோ படிக்கிற நமக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே பொருந்தும்.

ரோடு எங்கே முடிகிறது?

ஆலங்குளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது அரசு சிமெண்ட் ஆலையால் பேர் பெற்ற எங்கள் ஆலங்குளம். ஒரு பக்கம் இராஜபாளையம், ஒரு பக்கம் சிவகாசி, ஒரு பக்கம் வெம்பக்கோட்டை, இன்னொரு பக்கம் திருவேங்கடம். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் போதும், ஆஃப் ரோடு ஆரம்பமாகிவிடும்! அதற்காக இமயமலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

கோடையில் கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை விழுந்ததும் அதே மண் களியாகி டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுபோகும். ஓடைக்குள் இறங்கினால் மணல், கண்மாய்க் கரையில் சரளைக்கல், எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேல முள். சுண்ணாம்புக்கல் லாரி போகிற பாதையில் வெள்ளைப் புழுதி. இந்தப் பாதையில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு விடிகாலையில் பட்டாசு ஆலைக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கும், காட்டு வேலைக்கும் போய் வருகிறார்கள். நமக்கு ஆஃப் ரோடு என்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை. தினப்படி பிழைப்பு.

எங்கப்பாதான் முதல் ஆஃப் ரோடு வீரர்!

டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து 1980-ல் வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் 50 சி.சி. மொபெட் அது. பிறகு எக்ஸ்.எல். வந்தது, எக்ஸ்.எல். சூப்பர் வந்தது, 99.7 சி.சி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்.எல். 100 வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை எதுவும் இதை ஆஃப் ரோடு வண்டி என்று எழுதியதில்லை. ஆனால் உர மூட்டை, பருத்தி மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரப்பு மேலும் ஓடை மணலிலும் போய் வந்தது இதுதானே!

எப்படிப் போகிறது என்று பாருங்கள். மொத்த எடையே 90 கிலோவுக்கு உள்ளேதான். சக்கரம் 16 அங்குலம். ஸ்கூட்டரைவிடப் பெரிது என்பதால் குழியில் பொசுக்கென்று இறங்காது. கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது. மாட்டிக்கொண்டால் இறங்கி ஒரு ஆளே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். பெரிய அட்வென்ச்சர் வண்டியில் லட்சக்கணக்கில் செலவழித்தும் வாங்க முடியாத வசதி இந்த 'தூக்கி வைக்கிற' வசதி.

எங்கள் வீட்டிலும் ஒரு எக்ஸ்.எல். உண்டு. எங்கப்பா ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். தெர்மல் இன்ஜினியரிங் என்ற வார்த்தையையே நான் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் வண்டி சத்தத்தை வைத்தே, "பிளக்குல கரி புடிச்சிருக்கு, கழட்டு" என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் கரிதான் இருக்கும். "ஏலே, வண்டி வாயத் தொறந்து பேசத்தான் செய்யுது. நாமதான் காது குடுக்கணும்" என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆனால் எனக்கு இன்ஜின் பாடத்தை முதலில் எடுத்தவர் அவர்தான் என்று சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

சின்ன வண்டியின் பெரிய லாபம்

இனி கியர் வண்டிக்கு வருவோம். நம் நாட்டில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய ஆஃப் ரோடு மோட்டார் சைக்கிளாக ஹீரோ கம்பெனி 2011-ல் இம்பல்ஸ் என்று ஒன்றை விட்டது. 150 சி.சி. வகை இன்ஜின்; உயரமான சஸ்பென்ஷன். அப்போது அதை வாங்குவார் அதிகம் இல்லை. சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். அதே கம்பெனி 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200-ஐக் கொண்டுவந்தது. அதன் வடிவமைப்பை ஒரு பாடப் புத்தகம் போலவே படிக்கலாம்.

முன் சக்கரம் 21 அங்குலம். எதற்கு? பெரிய சக்கரம் கல்லின் மேல் மோதி நிற்காமல் உருண்டு ஏறும். பின் சக்கரம் 18 அங்குலம். இரண்டிலும் போக்ஸ் கம்பி. அலாய் வீல் அடி வாங்கினால் வெடித்துவிடலாம்; கம்பி வீல் வளைந்து கொடுக்கும், அதைத் திரும்ப நிமிர்த்தலாம். தரைக்கும் இன்ஜினுக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. முன் மட்கார்டு ஏன் அத்தனை மேலே தூக்கி இருக்கிறது? கரிசல் களி அடைக்காமல் இருக்கத்தான்! அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலதும் காரணத்தோடு வைத்தது.

எடை 150 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ராயல் என்பீல்டு 2016-ல் விட்ட ஹிமாலயன் 411 சி.சி.; எடை 190 கிலோவை ஒட்டி வரும். நல்ல வண்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழகுகிறவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுவான். விழுந்த வண்டியைத் தூக்குவது யார்? ஐம்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு மணலில் புதைந்த 190 கிலோவைத் தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் சி.சி. மகிமை!

சின்ன வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் ஏறக்குறைய 825 மில்லிமீட்டர். ஐந்தடி மூன்றங்குலம், நான்கங்குலம் உள்ள நம்மில் பலருக்கு இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதியாது. ஒரு காலை ஊன்றி நிறுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். ஏறி உட்கார்ந்து பார்க்காமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

"சின்ன இன்ஜினை வெச்சு என்ன சாதிக்க முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. உலகத்திலேயே கடினமான பந்தயம் என்று சொல்லப்படும் டாக்கார் ராலியில் 2011 முதல் பைக்குக்கு 450 சி.சி. தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் அனுமதியே கிடையாது. அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ், வருடம் 2015. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-ல் ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம். தோழிகள் கவனிக்க: பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் உலகக் கோப்பை பாகா பந்தயத்தில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றார். பாலைவனத்துக்கே 450 போதும் என்றால், கண்மாய்க் கரைக்கு எத்தனை வேண்டும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணில் ஓட்டுவது தனி வித்தை

தார் ரோட்டில் பத்து வருஷம் ஓட்டியவனும் மண்ணில் இறங்கினால் ஒன்றாம் வகுப்புதான். இங்கே பழக்கத்தை மாற்ற வேண்டும்.

முதலாவது, எழுந்து நிற்க வேண்டும். கரடுமுரடான இடத்தில் புட்ரெஸ்ட்டில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, டேங்க்கைக் கால்களால் லேசாகக் கவ்விக்கொள்ள வேண்டும். அப்போது நம் காலே இரண்டாவது ஷாக் அப்சார்பர் ஆகிவிடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆட விடுங்கள்.

இரண்டாவது, பார்வை. முன் சக்கரத்துக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேதான் விழுவோம். பத்திருபது அடி தள்ளிப் பார்க்க வேண்டும். கல்லைப் பார்த்தால் வண்டி கல்லில் ஏறும், பாதையைப் பார்த்தால் வண்டி பாதையில் போகும்.

மூன்றாவது, மணல். மணலில் ஆக்சிலேட்டரைப் பயந்து மூடினால் முன் சக்கரம் புதையும். உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, சீராக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். முன் பிரேக்கைச் சடாரென்று பிடிக்கவே கூடாது. இறக்கத்தில் முதல் கியரில் போட்டு இன்ஜின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவது மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

நான்காவது, தண்ணீர். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியைச் சொன்னவர் மோட்டார் சைக்கிளை மனதில் வைத்தா சொன்னார் என்று சந்தேகமாக இருக்கும்! ஓடையில் முதலில் நடந்து பார்க்க வேண்டும். ஏர் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் என்ன ஆகும்? காற்றை பிஸ்டன் அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அரை நிமிஷ அவசரத்துக்கு முழு இன்ஜினையும் இறக்க வேண்டிவரும். வண்டி தண்ணீருக்குள் நின்றுவிட்டால் செல்ப் பட்டனை அமுக்காதீர்கள். வெளியே தள்ளிக்கொண்டு வந்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அதோடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், கணுக்கால் மூடிய ஷூ. ரப்பர் செருப்போடு மண்ணில் ஓட்டுவது வீரம் இல்லை. இன்னொன்று: கியர் இல்லாத 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்குத்தான் 16 வயதில் லைசென்ஸ் உண்டு. எக்ஸ்.எல். 100-க்கும், கியர் வண்டிக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். முதலாமாண்டுத் தம்பிகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்!

வண்டியோடு பேசுவோம்

ஆஃப் ரோடு வண்டியைப் பராமரிப்பது தார் ரோட்டு வண்டியைப் பராமரிப்பது மாதிரி இல்லை. 'மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்' என்ற கணக்கு புழுதிக்குத் தெரியாது. கையேட்டில் எழுதியிருப்பது நல்ல ரோட்டுக்கு. நம் பாதைக்கு அதில் பாதி தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஏர் பில்டர்தான் முதல். இன்ஜினுக்கு அது மூக்கு. சுண்ணாம்புப் புழுதி அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். பில்டர் கிழிந்திருந்தால் இன்னும் மோசம்: நைசான புழுதி உள்ளே போய் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். ஸ்பாஞ்சு பில்டரைக் கழுவிக் காயவைத்து, ஆயில் தடவிப் பிழிந்து போடலாம். காகித பில்டரைக் கழுவக் கூடாது. தட்டி, உள்ளிருந்து வெளியே லேசாகக் காற்றடிக்கலாம். ரொம்பப் போனால் மாற்றத்தான் வேண்டும். எது எந்த வகை என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

அடுத்தது செயின். மண்ணும் கிரீசும் சேர்ந்தால் அரம் மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்தபிறகு தொண்ணூறு ஆயில் விட வேண்டும். தொய்வு கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைக்கிறார்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகிப் பேரிங்கைத் தின்றுவிடும். முக்கியமான ஒன்று: இன்ஜினை ஓட விட்டுச் செயின் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். கை இருந்தால்தான் நமக்குத் தொழில்!

போக்ஸ் கம்பியை ஸ்பேனரால் ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்றால் சரி. 'டொக்' என்றால் லூஸ். ஒரு கம்பி லூசானால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், பிறகு வரிசையாக விடும். குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் போகாவிட்டால் மற்றவர் தலையில் விழுகிறதே, அதே கணக்கு.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜினின் ஜாதகமே தெரியும். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கரிக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். காற்று 14.7 பங்குக்கு பெட்ரோல் 1 பங்கு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அந்தக் கணக்கு இந்தச் சின்னப் பீங்கான் முனையில் நிறமாக எழுதியிருக்கிறது. புத்தகத்தில் படித்ததைக் கையில் வைத்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே... அதை அனுபவித்தால்தான் தெரியும்.

டயர் காற்றை மணலில் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கிடைக்கும். ஆனால் கம்பி வீலுக்குள் டியூப் இருக்கிறது. ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கி ஓட்டையாகும். ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும். கருவேல முள் காட்டில் ஓட்டுகிறவன் பஞ்சர் ஒட்டத் தெரியாமல் போவது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது போல. கழுவும்போது பிரஷர் தண்ணீரை வீல் பேரிங் மேலும், போர்க் சீல் மேலும் நேராக அடிக்காதீர்கள். கழற்றிய பழைய ஆயிலை ஓடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். அந்தத் தண்ணீரைத்தான் நம் ஆடு மாடு குடிக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பாடம்

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். ஆண்ட்ரியா கோல்மன், பாரி கோல்மன் என்ற ஆங்கிலேயத் தம்பதி 'ரைடர்ஸ் பார் ஹெல்த்' என்ற அமைப்பைத் தொடங்கிய கதையைக் கேளுங்கள். ஆப்பிரிக்க நாடுகளில் கிராமங்களுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொண்டுபோக மோட்டார் சைக்கிள்கள் தானமாக வந்தன. ஆனால் கொஞ்ச நாளிலேயே பல வண்டிகள் மூலையில் கிடந்தன. சரிசெய்ய முடியாத பெரிய பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஆயில் மாற்றவில்லை, செயின் பார்க்கவில்லை, பில்டர் சுத்தம் செய்யவில்லை. அவ்வளவுதான்! வண்டி நின்றதால் மருந்தும் நின்றது.

அவர்கள் புது வண்டி கேட்டு ஓடவில்லை. மருத்துவப் பணியாளர்களுக்கே மண் ரோட்டில் ஓட்டவும், தினமும் காலையில் வண்டியைச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பாகம் உடைந்தபிறகு மாற்றுவது என்ற பழக்கத்தை விட்டு, உடைவதற்கு முன்பே மாற்றுவது என்று முறை வைத்தார்கள். அந்தச் சின்ன வண்டிகள் வருஷக்கணக்கில் ஓடின. பராமரிப்பு என்பது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆஸ்திரேலியாவில் தபால்காரர்கள் பல்லாண்டு காலம் ஓட்டியதும் ஹோண்டா சி.டி. 110 என்ற சின்ன வண்டிதான். தபால் வேலையில் ஓய்வு பெற்ற அந்த வண்டிகளை ஏலத்தில் வாங்கிப் பல ஆயிரம் கிலோமீட்டர் காட்டுப் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம எக்ஸ்.எல். மேல் மரியாதை வருகிறதா, இல்லையா?

கடனும் சத்தமும்

இப்போது மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வந்தபோதே எக்ஸ்பல்ஸின் ஷோரூம் விலை ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. அதற்கு மேலே போகும் வண்டிகள் இரண்டு லட்சம், மூன்று லட்சம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மில் பலருடைய அம்மா பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ பீஸ் ரேட்டுக்குக் குனிந்து உட்கார்ந்து சம்பாதிப்பவர். விபத்து என்றோ வழக்கு என்றோ ஆலை மூடிக் கிடக்கிற மாதம் கூலி கிடையாது. ஆனால் தவணை தேதிக்கு விடுமுறை இல்லை!

என் சொந்தக்கார அண்ணன் ஒருவர் பெரிய வண்டியைத் தவணையில் எடுத்தார். முதல் மூன்று மாதம் ஊரே திரும்பிப் பார்த்தது. ஆறாவது மாதம் நிதி நிறுவனத்து ஆட்கள் வாசலில் வந்து நின்றதையும் ஊரே திரும்பிப் பார்த்தது. வண்டி போனதைவிட அத்தை அன்றைக்குத் தெருவில் தலை குனிந்து நின்றதுதான் என் நெஞ்சில் நிற்கிறது. வண்டி நம்மைச் சுமக்க வேண்டும், நாம் வண்டியைச் சுமக்கக் கூடாது.

செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல சின்ன வண்டி எடுத்துப் பழகலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். போர்க் சீல் கசிகிறதா, ஹேண்டில்பார் திரும்பும்போது நடுவில் தட்டுகிறதா என்று பாருங்கள். பெயிண்ட் பளபளப்பைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, சைலன்சர். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கும் வெத்துக் குழாயை மாட்டி, ஆக்சிலேட்டரை மூடும்போது 'பட் பட்' என்று வெடிக்க விடுவது ஒரு நாகரிகமாக இருக்கிறது. அந்த வெடிச்சத்தம் என்ன தெரியுமா? எரியாத பெட்ரோல் குழாய்க்குள் பற்றி எரிகிறது. சில சமயம் நெருப்பே வெளியே தெரியும். எந்த ஊரில் இதைச் செய்கிறோம்? மருந்து காய்கிற ஊரில்! ஒரு பொறி என்ன செய்யும் என்று நம்ம ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எத்தனை மாலை போட்ட படங்கள் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகின்றன! ஆலை வேலியை ஒட்டிய காய்ந்த புல்லில் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்துவதும் இதே கணக்குதான். இந்த ஒன்றில் மட்டும் வேண்டுகோள் இல்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன்... நிறுத்துங்கள்!

"மெக்கானிக் எதுக்கு இருக்கார்?"

நான் இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். மெக்கானிக் எதுக்கு இருக்கார் என்பது ஒன்று. மெக்கானிக் அண்ணன்மார்கள் நமக்கு ஆசான்கள்தான். அவர்கள் பிழைப்பில் மண் போடச் சொல்லவில்லை. வால்வு அட்ஜஸ்ட்மெண்ட், கிளட்ச் பிளேட், இன்ஜின் வேலை எல்லாம் அவர்களிடம் போகட்டும். ஆனால் இருட்டின பிறகு காட்டுக்குள் கேபிள் அறுந்தால் எந்த மெக்கானிக் வருவார்? காய்ச்சலில் கிடக்கும் தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிளக் அடைத்தால்?

"புது வண்டியெல்லாம் எலக்ட்ரானிக் ஆயிருச்சு, இனிமே நாம கை வைக்க என்னடா இருக்கு?" என்பது இரண்டாவது கேள்வி. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபிறகு கார்புரேட்டர் போய், பெட்ரோல் ஊசி போடும் முறை வந்துவிட்டது உண்மைதான். ஆனால் செயின் செயினாகத்தான் இருக்கிறது. பில்டர், பிரேக், பேரிங், போக்ஸ் எதுவும் மாறவில்லை. மாறிய பகுதியையும், சென்சார் என்ன சொல்கிறது என்பதையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது யார்? டிப்ளமோ படிக்கும் நாம்தானே! நாமே ஒதுங்கிக்கொண்டால் நாளைக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வில் என்ன பதில் சொல்வோம்?

மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை

வெறும் பேச்சோடு முடிக்க விருப்பமில்லை. வரும் கல்வியாண்டில் நம் பேரவை மாதம் ஒரு சனிக்கிழமை, ஒர்க்ஷாப் வாசலில் 'வண்டிப் பட்டறை' நடத்த வேண்டும். பெரிய செலவில்லை. ஒரு டயர் பிரஷர் கேஜ், ஒரு பீலர் கேஜ், போக்ஸ் சாவி, பிளக் ஸ்பேனர், பஞ்சர் சாமான், இரண்டு பிரஷ், பழைய ஆயில் சேர்க்க ஒரு கேன். மெக்கானிக்கல் மாணவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். எலக்ட்ரிக்கல் மாணவர்கள் வயரிங்கும் பேட்டரியும் பார்க்கட்டும். உள்ளூர் மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்து, மேடையில் உட்கார வைத்து, சால்வை போட்டுப் பாடம் கேட்போம்.

மாணவிகளுக்குத் தனியாக ஒரு வரிசை ஒதுக்க வேண்டும் என்று கேட்கவில்லை, முதல் வரிசையைக் கொடுங்கள் என்கிறேன். பிறகு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பத்து ரூபாய் நோட்டு. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பில்டர் பார்த்த நாள் எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதி வைக்கிறவன் வண்டி ஏமாற்றாது. வீட்டிலிருக்கும் அப்பாவின் எக்ஸ்.எல்.லுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். அவர் ஓட்டும் வண்டியைப் பிள்ளை உட்கார்ந்து துடைப்பதைப் பார்க்கிற அன்றைக்கு, கல்லூரிக்குக் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று அவருக்கே தோன்றும்.

தோழர்களே! மலை ஏறும் ஆசை இருக்கட்டும், பாலைவனம் பார்க்கும் கனவும் இருக்கட்டும். சின்ன வண்டியில் தொடங்குவோம். விழுந்தால் நாமே தூக்குவோம், நின்றால் நாமே கிளப்புவோம். அடுத்த வருஷம் ஸ்டாண்டில் சந்திக்கும்போது "எத்தனை சி.சி.?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஏர் பில்டர் பாத்தியாப்பா?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம்!